காத்திருக்க முடிந்தவர்களின் சுவை: ரியோஹா வைன் குறித்துச் சில குறிப்புகள்

1

'இது கெட்டுப்போச்சுப்பா.'

கோப்பையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோன நண்பர் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். ஸ்பெயினிலிருந்து திரும்பிய இன்னொரு நண்பர் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்த பாட்டில் அது. லோபெஸ் தே எரேதியா என்னும் நிறுவனத்தின் 'வீஞ்ஞா தோந்தோனியா ரெசெர்வா', 2010. சிவப்பு வைன் என்று பேர். ஊற்றினால் சிவப்பைக் காணோம். ஓரத்தில் செங்கல் பொடியைக் கரைத்தது போல ஒரு நிறம், நடுவில் மங்கிப்போன மாணிக்கம். திராட்சையின் வாசனையும் இல்லை. காய்ந்த அத்திப்பழம், புகையிலை, பழைய தோல்பை, மழை ஓய்ந்த பின் மக்கிக் கிடக்கும் இலை, எங்கோ தூரத்தில் ஆரஞ்சுத் தோல், லேசாகத் தேங்காய். நாக்கில் கனமே தெரியவில்லை. புளிப்பு மட்டும் முதுகெலும்பு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. விழுங்கி வெகுநேரம் ஆன பிறகும் வாயை விட்டுப் போக மறுக்கிறது.

நண்பருக்கு ருசி தெரியவில்லை என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். வைன் தெரிந்தவர்கள் அப்படித்தான் கடப்பார்கள். ஆனால் வேதியியல் கணக்கில் நண்பர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. காற்று பட்டிருக்கிறது, நிறம் செத்திருக்கிறது, பழம் போயிருக்கிறது. கெட்டுப்போனது, முதிர்ந்தது என்று நாம் வைத்திருக்கும் இரண்டு சொற்களும் ஒரே நிகழ்வின் இரண்டு பெயர்கள். ஒன்றைச் சாக்கடையில் கொட்டுகிறோம், மற்றதைப் பூட்டிவைத்து விலை ஏற்றுகிறோம். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது? அதைப் போடுகிற கை யாருடையது? இந்தக் கட்டுரையின் கேள்வி அவ்வளவுதான்.

வைன் பற்றியெல்லாம் எழுத நமக்கு என்ன கேடு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ரோலான் பார்த் 1957-இல் வெளியிட்ட 'தொன்மவியல்கள்' நூலில் வைனைப் பிரெஞ்சுத் தேசத்தின் குலக்குறிப் பானமாக வாசித்துக்கொண்டே போகிறார். முடிக்கும்போது அல்ஜீரியாவுக்கு வந்து நிற்கிறார். ரொட்டிக்கு வழியில்லாத முஸ்லிம் மக்களின் நிலத்தில், அவர்களுக்குத் தேவையே இல்லாத பயிரைக் குடியேறிகள் திணித்த கதையை மறந்துவிட்டால்தான் வைனைக் கள்ளமற்ற இன்பமாகப் பேச முடியும் என்பது அவர் வாதம். அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கலாம்.

2

ரியோஹா ஸ்பெயினின் வடக்கே எப்ரோ நதியின் இரு கரைகளிலும் நீண்டு கிடக்கும் திராட்சைப் பிரதேசம். 65,000 ஹெக்டேருக்கு மேல் கொடி. முதன்மைத் திராட்சை தெம்ப்ரானியோ. ஸ்பானிய மொழியில் 'தெம்ப்ரானோ' என்றால் 'சீக்கிரமாக' என்று பொருள். மற்றவற்றுக்கு முன்னால் பழுத்துவிடும் என்பதால் அந்தப் பேர். இந்த அவசரக்காரனைப் பிடித்துத்தான் வருஷக்கணக்கில் இருட்டில் உட்காரவைக்கிறார்கள். துணைக்குக் கார்நாச்சா, கிராசியானோ, மாசுவேலோ என்று மூன்று திராட்சைகள். தோந்தோனியாவில் ஏறத்தாழ முக்கால் பங்கு தெம்ப்ரானியோ, மீதியில் பெரும்பகுதி கார்நாச்சா.

மரபான முறையின் இதயம் பீப்பாய். 225 லிட்டர் கொள்ளளவு, அமெரிக்க ஓக் மரம். மரத்தின் நுண்துளைகள் வழியாகவும், பீப்பாய் மாற்றும் ஒவ்வொரு தடவையும், மிகக் கொஞ்சமாகக் காற்று உள்ளே போகிறது. திராட்சைத் தோலிலிருந்து வந்த நிறமிகளும் துவர்ப்புப் பொருள்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. கோத்தவை பெருத்து அடியில் படிகின்றன. ஊதா சிவப்பாகி, சிவப்பு செங்கல் நிறமாகிறது. துவர்ப்பின் முரட்டுத்தனம் மழுங்குகிறது. அமெரிக்க ஓக்கில் பிரெஞ்சு ஓக்கைவிடத் தேங்காய், வெனிலா வாசனை தரும் பொருள்கள் அதிகம். புதுப் பீப்பாய் அதை அள்ளிக் கொட்டும். பல தடவை பயன்பட்ட பழைய பீப்பாய் அதை அடக்கி வாசிக்கும். தோந்தோனியாவில் பழைய பீப்பாய்கள்தான். நிறுவனத்துக்குச் சொந்தமாகப் பீப்பாய்ப் பட்டறையே இருக்கிறது. ரெசெர்வா சுமார் 6 வருஷம் பீப்பாயில் கிடக்கிறது, கிரான் ரெசெர்வா சுமார் 10 வருஷம். பிறகு பாட்டிலில் இன்னும் சில வருஷம்.

இந்த வளர்ப்புக்கு ஸ்பானியப் பெயர் 'கிரியான்சா'. பிள்ளை வளர்ப்புக்கும் அதே சொல்தான். 'கிரியார்' என்றால் வளர்த்தல், பாலூட்டுதல். இதே வேரிலிருந்து இன்னொரு சொல் பிறக்கிறது: 'கிரியாதோ'. நேர்ப்பொருள் 'வளர்க்கப்பட்டவன்'. வழக்கில் அதற்குப் பொருள் 'வேலைக்காரன்'. பெரிய வீட்டில் சோறு போட்டு வளர்க்கப்பட்டவன், அந்த வீட்டுக்கே ஊழியம் செய்கிறவன். சொற்கள் நம்மை எங்கே காட்டிக்கொடுக்கும் என்று சொல்லவே முடியாது. பாட்டிலின் முகத்தில் பெருமையாக அச்சாகும் சொல்லுக்கு அடியில் கைகட்டி நிற்கிற ஒரு ஆள் இருக்கிறான். இந்தப் பிரதியை வாசிக்க இதைவிட நல்ல நுழைவாயில் கிடைக்காது.

தமிழில் இதற்கு நிகராகச் சொல்ல வேண்டுமானால் 'தேறல்' நினைவுக்கு வருகிறது. தெளிந்த கள் தேறல். தேறுதல் என்றால் தெளிதல், தேர்ச்சி பெறுதல், துயரிலிருந்து மீளுதல். கிரியான்சாவில் வளர்ப்பவரின் கை தெரிகிறது. தேறலில் அந்தக் கை மறைந்துவிடுகிறது, கள் தானே தெளிந்ததுபோலத் தோன்றுகிறது. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

3

'மரபான ரியோஹா' என்கிறோமே, எந்த மரபு? ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் தொகுத்த 'மரபின் கண்டுபிடிப்பு' (1983) நூலைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே வரும். ரியோஹாவில் வைன் ரோமர் காலத்திலிருந்து இருக்கிறது. ஆனால் இந்தப் பீப்பாய்ச் சுவை 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் செய்யப்பட்டது. செய்முறை பிரான்ஸிலிருந்து வந்தது, மரம் அமெரிக்காவிலிருந்து வந்தது. இதில் ஸ்பானியம் எது என்று தேடினால் மண்ணும் கூலியும்தான் மிஞ்சும்.

கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1780களில் லபாஸ்தீதா ஊரைச் சேர்ந்த மனுவேல் கிந்தானோ என்ற பாதிரியார் போர்தோ முறையைக் கற்றுவந்து வைனைப் பீப்பாயில் வளர்த்துப் பார்த்தார். ஊரில் எல்லா வைனுக்கும் ஒரே விலை என்று கட்டுப்பாடு இருந்தது. பீப்பாய்க்கும் காத்திருப்புக்கும் செலவழித்தவருக்கும் அதே விலைதானா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றது ஊர். முயற்சி படுத்துவிட்டது. வைன் வரலாறுகள் இந்த ஊர்க்காரர்களை அறிவிலிகளாகச் சித்திரிப்பது வழக்கம். இன்னொரு மாதிரியும் வாசிக்கலாம். இன்றைக்குக் காத்திருக்க முடிந்தவனுக்குத் தனி விலை கொடுத்தால், காத்திருக்க முடியாத தங்கள் கதி நாளைக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

அவர்கள் பயந்தது நடந்தது. லண்டனில் நாடுகடந்து வாழ்ந்து திரும்பிய லூசியானோ தே மூர்ரியேத்தா, போர்தோவில் தொழில் கற்று, லொக்ரோஞ்ஞோவில் தளபதி எஸ்பார்த்தேரோவின் கிடங்கில் 1852-இல் முதல் வைனைச் செய்தார். பின்னாளில் மார்கெஸ், அதாவது பிரபு, ஆனார். 1858-இல் எல்சியேகோவில் மார்கெஸ் தே ரிஸ்கால் நிறுவனம். 1862-இல் ஆலவா மாகாண நிர்வாகம் போர்தோவிலிருந்து ஜான் பினோ என்ற வைன் நிபுணரைச் சம்பளத்துக்கு வரவழைத்து, உள்ளூர் விவசாயிகளுக்குப் புதிய முறையைக் கற்றுக்கொடுக்கச் சொன்னது. வைன் நன்றாகவே வந்தது. ஆனால் பீப்பாய்க்குக் காசு எங்கே? விளைந்ததை விற்காமல் வருஷக்கணக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அடுப்பு எப்படி எரியும்? சிறு விவசாயிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 1868-இல் மாகாணத்தோடு பினோவின் ஒப்பந்தம் முடிந்ததும் ரிஸ்கால் அவரைத் தன்னிடம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பொது அறிவாக வந்த ஒன்று ஆறே வருஷத்தில் தனிச்சொத்தானது.

அப்புறம் பூச்சி வந்தது. பைலாக்சிரா என்ற பேன் பிரெஞ்சுக் கொடிகளின் வேரைத் தின்று தீர்க்க, போர்தோ வியாபாரிகள் ரியோஹாவுக்கு வந்து குவிந்தார்கள். 1860களிலேயே ரயில் வந்துவிட்ட ஆரோ நகரத்தின் ஸ்டேஷனைச் சுற்றிக் கிடங்குகள் முளைத்தன: லோபெஸ் தே எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா ஆல்தா 1890. ஆக, ரியோஹாவின் பொற்காலம் பக்கத்து வீட்டு இழவில் பிறந்தது. 1892-இல் பிரான்ஸோடு இருந்த வணிக ஒப்பந்தம் காலாவதியாகி, சுங்கவரி ஏறி, பிரெஞ்சுச் சந்தை அடைபட்டது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் அந்தப் பேன் ரியோஹாவுக்கும் வந்துசேர்ந்தது. மிஞ்சியது பீப்பாயும் கிடங்கும் காத்திருக்கும் பழக்கமும். அதற்குத்தான் இப்போது மரபு என்று பெயர்.

4

பொருளாதாரத்தில் பழைய வைன் ஒரு பிரபலமான தலைவலி. ஒரு பண்டத்தின் மதிப்பை அதில் செலவான உழைப்பு தீர்மானிக்கிறது என்றால், கிடங்கில் சும்மா கிடக்கும் வைன் மூன்று நான்கு வருஷத்தில் ஏன் விலை ஏறுகிறது? ரிக்கார்டோவை இந்தக் கேள்வி கடைசிவரை விடவில்லை. மார்க்ஸ் 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் உழைப்புக் காலத்தையும் உற்பத்திக் காலத்தையும் பிரித்து இதை அணுகுகிறார். திராட்சைச் சாறு புளித்து ஓய்வெடுக்கும் காலம் உற்பத்திக் காலத்தில் சேரும், உழைப்புக் காலத்தில் சேராது. மூன்றாம் தொகுதியில், அபூர்வமான வைன் தரும் திராட்சைத் தோட்டத்தின் விலையை ஏகபோக விலை என்கிறார். அங்கே உயர்வது நிலவுடைமையாளனின் வாரம்.

இதை நடைமுறையில் பார்க்கலாம். ரியோஹாவின் சட்டம் வைனைக் காலத்தால் தரம் பிரிக்கிறது. கிரியான்சா என்றால் பீப்பாயில் ஒரு வருஷம் உட்பட இரண்டு வருஷம். ரெசெர்வா என்றால் பீப்பாயில் குறைந்தது ஒரு வருஷம், பாட்டிலில் ஆறு மாதம், மொத்தம் மூன்று வருஷம். கிரான் ரெசெர்வா என்றால் மொத்தம் ஐந்து வருஷம், அதில் பீப்பாயில் இரண்டு, பாட்டிலில் இரண்டு. ஒழுங்காற்றுக் குழு தரும் முத்திரையின் நிறமே தரத்துக்குத் தரம் மாறும். எந்தத் தோட்டம், யார் பயிரிட்டது என்பதற்கு இந்தப் படிநிலையில் இடமே இருந்ததில்லை. தனித் தோட்டத்தின் பெயரை ஒரு தகுதியாக ஏற்றுக்கொள்ளும் பிரிவு 2017-இல்தான் வந்தது.

தரத்தின் அளவுகோல் காலம் என்றால் அந்தக் காலத்துக்குக் காசு போடுவது யார்? ஐந்து வருஷச் சரக்கைப் பூட்டிவைக்க ஐந்து வருஷத்துக்கான பணம் முடங்க வேண்டும். பெரும்பாலான விவசாயிகள் அறுத்த திராட்சையைக் கிடங்குக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். ரியோஹா ஆலவேசாவின் ஊர்களில் இன்னொரு வைன் உண்டு. குலையைக் கொத்தாக அப்படியே தொட்டியில் போட்டு, பழத்துக்குள்ளேயே புளிக்கவிட்டு, சில மாதத்தில் குடிக்கிற இளம் வைன். 'கொசெச்செரோ' என்று பேர். பொருள் 'அறுவடைக்காரன்'. ஊதா நிறம், பழச்சாறு மாதிரி வாசனை, மேசையில் சத்தமான சிரிப்பு. போர்தோ முறைக்கு முன்பே அங்கே இருந்தது இதுதான். மரபு என்ற சொல்லுக்கு உரிமை கொண்டாட வேண்டியது எது? முத்திரைகளின் ஏணியில் இதற்கு அடிப்படிதான் கிடைத்தது.

காத்திருத்தலிலும் இரண்டு ஜாதி இருக்கிறது. 2023-இல் ரியோஹாவில் விற்காத வைன் தேங்கியது. அதைக் காய்ச்சி ஆல்கஹாலாக்க மானியம் கொடுத்தார்கள், குலைகளைக் காயாக இருக்கும்போதே வெட்டிப் போடவும் மானியம் கொடுத்தார்கள். ஒருவர் கிடங்கில் கிடந்தால் அது முதிர்ச்சி. இன்னொருவர் தொட்டியில் கிடந்தால் அது தேக்கம். வைனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வங்கிக்குத் தெரியும்.

5

1990களில் எதிர்ப்பு வந்தது. வந்த திசை நாம் விரும்பக்கூடிய திசை அல்ல. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1978-இல் தொடங்கிய செய்திமடலில் வைனுக்கு 100-க்கு இத்தனை என்று மார்க் போட்டார். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி. மார்க் ஏறினால் விலை ஏறும். எந்த வைனுக்கு மார்க் ஏறியது? கறுத்த நிறம், பழுத்துக் கனிந்த பழம், புதுப் பிரெஞ்சு ஓக், அதிக ஆல்கஹால், வாயை அடைக்கிற கனம். ரியோஹாவிலும் 'ஆல்தா எக்ஸ்பிரெசியோன்', அதாவது உயர் வெளிப்பாடு, என்ற பெயரில் இந்த வகை வைன்கள் கிளம்பின. மங்கிய நிறமும் மெலிந்த உடலும் கொண்ட மரபான வைன் சோர்ந்துபோனது, அழுக்கானது, கெட்டுப்போனது என்று பேசப்பட்டது. என் நண்பர் கோப்பையை முகர்ந்து சொன்ன அதே சொல்.

இங்கே நமக்கு ஒரு சிக்கல். இந்த ஒற்றைச் சுவையின் மேலாண்மைக்கு எதிராக மரபை ஆதரிப்பதா? ஆதரித்தால் பிரபுக்களின் கிடங்குக்குக் காவல் நிற்கிறோம். புதியவர்களை ஆதரித்தால் மார்க் போடுகிற சந்தைக்குக் காவல் நிற்கிறோம். புதியவர்களின் வாதத்தில் ஒரு நியாயமும் இருந்தது. பீப்பாயில் கிடந்த வருஷங்களை எண்ணாதே, திராட்சை வளர்ந்த இடத்தைப் பார் என்றார்கள். இந்தப் பிணக்கு முற்றித்தான் 2015 கடைசியில் ஆர்த்தாதி என்ற நிறுவனம் ரியோஹா என்ற பெயரையே உதறிவிட்டு வெளியேறியது.

மரபு - நவீனம் என்ற இருமை எதிர்வை அப்படியே எடுத்துக்கொண்டால் இதிலிருந்து வெளியே வர வழியில்லை. எதிர்வின் இரண்டு முனையும் ஒரே சந்தையில் இரண்டு கடைகள். காற்று திரும்பியபோது இது வெளிப்பட்டது. கறுத்த வைன்கள் அலுத்தன. மங்கிய வைன்கள் ரசிகர்கள் தேடி அலையும் பொருளாயின. குனேயின் 'இம்பீரியால் கிரான் ரெசெர்வா' 2004-ஐ ஓர் அமெரிக்கப் பத்திரிகை 2013-ஆம் ஆண்டின் முதல் வைன் என்றது. தோந்தோனியாவின் நிலவறைகளில் பூஞ்சையும் சிலந்தி வலையும் படர்ந்து கிடக்கின்றன. தக்கையைத் தின்னும் பூச்சிகளைச் சிலந்தி பிடித்துவிடும், அதனால் கலைப்பதில்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். அதே வளாகத்தின் முன்புறத்தில் ஸாஹா ஹதீத் வடிவமைத்த, வைன் குடுவை வடிவக் காட்சிக்கூடம். உள்ளே ஒட்டடை, வெளியே ஹதீத். மரபு இன்று இப்படித்தான் தன்னைக் காட்சிக்கு வைக்கிறது. ரிஸ்கால் நிறுவனம் எல்சியேகோவில் பிராங்க் கெரியை வைத்து உலோக ரிப்பன்கள் நெளியும் ஓட்டலைக் கட்டி 2006-இல் திறந்தது. அந்த ஊரில்தான் பினோ வேலை மாறினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

லா ரியோஹா ஆல்தா நிறுவனத்தின் '890', '904' என்ற வைன்களின் பேரில் இன்னொரு வேடிக்கை. முதலில் 1890, 1904 என்றே பேர் வைத்திருந்தார்கள். ஒன்று நிறுவனம் தொடங்கிய வருஷம், மற்றது இன்னொரு கிடங்கோடு இணைந்த வருஷம். அறுவடை ஆண்டு என்று யாரும் குழம்பிவிடக் கூடாது என்று முன்னாலிருந்த 1-ஐ வெட்டினார்கள். காலத்தை விற்கிற தொழிலில் வருஷம் ஒரு பெயர், ஒரு அலங்காரம், சில சமயம் ஒரு திருத்தம்.

6

வைன் பேச்சில் அடிக்கடி அடிபடுகிற இன்னொரு சொல் மண். சுண்ணாம்புக் களிமண், இரும்புச் சத்துள்ள களிமண், ஆற்று வண்டல் என்று நுணுக்கமாகப் பேசுவார்கள். மண்ணின் குணம் கோப்பையில் தெரிகிறது என்பார்கள். சரி. அந்த மண்ணில் வேறு என்ன இருக்கிறது?

1936 ஜூலையில் ராணுவக் கலகம் தொடங்கிய சில நாட்களிலேயே ரியோஹா கலகக்காரர்கள் கையில் விழுந்தது. அங்கே போர்முனை இருந்ததில்லை. போரே நடக்காத அந்தச் சிறிய மாகாணத்தில் சுமார் 2,000 பேர் கொல்லப்பட்டார்கள். குடியரசுக் கட்சியினர், தொழிற்சங்கத்தினர், கூலி விவசாயிகள், வாத்தியார்கள். லொக்ரோஞ்ஞோவுக்குப் பக்கத்தில் லார்தேரோ ஊர் எல்லையில் லா பர்ராங்கா என்ற இடத்தில் நீளக் குழிகள் வெட்டிச் சுமார் 400 பேரைப் புதைத்தார்கள். அந்தக் குழிகள் அழியாமல் இருந்ததற்குக் காரணம், கறுப்பு உடுத்திய விதவைகளும் தாய்மார்களும் ஆண்டுதோறும் பூவோடு அங்கே போய் நின்றது. தடுத்தார்கள், போனார்கள். பிராங்கோ 1975-இல் செத்த பிறகு, 1979-இல் அது நினைவிடமானது.

இதற்கும் வைனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்த வைனை அந்த ரத்தத்தோடு முடிச்சுப் போடுவது என் நோக்கம் இல்லை, அது மலிவான உருவகம். நான் கேட்பது சொல்லாடல் பற்றி. மண்ணையும் வருஷத்தையும் மட்டுமே பேசுகிற ஒரு மொழி, 1936-ஐ அறுவடை எப்படி இருந்த வருஷம் என்று மட்டும் நினைவில் வைத்திருப்பது எப்படிச் சாத்தியமாகிறது? மண்ணில் சுண்ணாம்பைக் கண்டுபிடிக்கிற நாக்கு எலும்பை ஏன் கண்டுபிடிப்பதில்லை? நாக்கின் குறை அல்ல அது. எதைச் சுவை என்று எண்ணுவது என்பது நாக்குக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஒவ்வொரு அறுவடைக்கும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குனிந்து குலை வெட்டிவிட்டுப் போகிறவர்களும் இந்தத் தீர்மானத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

7

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, கெட்டுப்போச்சு என்ற நண்பரும் இன்னொரு கை ஊற்றச் சொன்னார். முதலில் இருந்த பூஞ்சை வாடை விலகி உள்ளிருந்து ஏதோ திறந்துகொண்டு வந்தது. பழம் இல்லை, பழம் இருந்த இடம் இருந்தது. பலத்தைக் காட்டாமல் நிற்கிற பொருள் இந்தச் சந்தையில் அபூர்வம். ஒரு பொருளின் அரசியல் வரலாற்றைச் சொல்லிவிட்டால் அதன் அழகு ஆவியாகிவிடும் என்று நம் விமர்சனத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆவியாவதில்லை. மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் நாம் ஒன்று ரசனைவாதிகளிடம் அதை விட்டுக்கொடுக்கிறோம், அல்லது அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கிறோம்.

கிரியான்சாவும் தேறலும் பற்றி விட்ட இடத்துக்கு வருகிறேன். பீப்பாயில் வைனை ஊற்றி மூடிவிட்டு ஆறு வருஷம் கழித்து வந்து திறந்தால் என்ன இருக்கும்? வினிகர். வைன் ஆவியாகிக் குறையும், குறைந்த இடத்தில் காற்று சேரும், மீதி புளித்துப்போகும். தோந்தோனியாவில் வருஷத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு பீப்பாயையும் காலி செய்து வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். கலங்கல் வருகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கலங்கியதும் நிறுத்துகிறார்கள். மண்டியைக் கொட்டிப் பீப்பாயைக் கழுவுகிறார்கள். குறைந்ததை நிரப்புகிறார்கள். முட்டை வெள்ளைக்கரு ஊற்றித் தெளியவைக்கிறார்கள். பட்டறையில் பலகை மாற்றி வளையம் இறுக்குகிறார்கள். ஆறு வருஷத்தில் பன்னிரண்டு தடவை ஒரு கை அந்த வைனைத் தொட்டிருக்கிறது. முதிர்ந்ததற்கும் கெட்டுப்போனதற்கும் நடுவில் இருக்கும் கோடு அந்தக் கைதான். காலம் எதையும் முதிரவைப்பதில்லை. காலம் கெடுக்க மட்டும் செய்யும்.

விலையின் பெரும்பகுதி முடங்கிய பணத்தின் வட்டி, ஏகபோகத்தின் வாரம், பிரபுப் பட்டத்தின் பவிசு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கோப்பையில் நான் குடித்த குணம் அந்தப் பன்னிரண்டு தடவையின் குணம். முத்திரையில் வருஷம் அச்சாகிறது. கை அச்சாவதில்லை. தேறல் என்ற நம் சொல்லும் இதையே செய்கிறது. தெளிந்தது என்கிறோம், தெளியவைத்தவரை விட்டுவிடுகிறோம்.

இலக்கியத்திலும் 'காலம் தீர்ப்புச் சொல்லும்' என்று ஒரு வாக்கியம் நம்மிடம் புழங்குகிறது. பெரியவர்கள் சொல்வார்கள், நாமும் அசதியில் சொல்லிவிடுகிறோம். காலம் எந்த ஏட்டையும் காப்பாற்றியதில்லை. கரையானுக்குத்தான் கொடுத்தது. நின்றவை யாரோ பார்த்தெழுதியதால் நின்றன, யாரோ அச்சிட்டதால் நின்றன, யாரோ பாடம் வைத்ததால் நின்றன. கிடங்கு வைத்திருந்தவர்களின் எழுத்து முதிர்ந்தது. கிடங்கு இல்லாதவர்களின் எழுத்து, கொசெச்செரோ மாதிரி, அந்த வருஷமே குடிக்கப்பட்டுத் தீர்ந்தது. தீர்ந்ததால் அது தரம் குறைந்தது என்று தீர்ப்பெழுதுகிறவர்கள், அதற்கு ஒரு பீப்பாயாவது கிடைத்ததா என்று முதலில் விசாரிக்கட்டும்.

அந்தப் பாட்டில் காலியானதும் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மண்டி நின்றது. கழுவிவிடலாமா என்று நண்பர் கேட்டார். கொஞ்சம் இருக்கட்டும் என்றேன். வைனிலிருந்து போன நிறமெல்லாம் அங்கேதான் இருந்தது.